இருபத்து மூன்று மில்லி தள்ளி

இந்தக் கதையின் கடைசியில் ஒருவர் சிரிப்பார். வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டையை இடித்துக்கொண்டு வருகிற சிரிப்பு. ஆனால் அது இப்போது கிடையாது. முதலில் நாலு சக்கரம் கழற்ற வேண்டும், வேறு நாலு சக்கரம் மாட்ட வேண்டும், பொய்யாக ஒரு இருமல் இரும வேண்டும், ஒரு மனிதர் தன்னை விட்டே தள்ளி நிற்க வேண்டும், அவரை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு ஊர் எட்டு நாள் டீ குடிக்க வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகு வரும். வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், மாசிலாவுக்குத் தெரியாத ஒரே வேலை அதுதான்.

மாசிலாவுக்குப் பதினேழு வயது. சிவகாசியில் எந்தக் குரல் எந்தத் தெருவில் கிடந்தாலும் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவாள். மினிபஸ் கண்டக்டர் ‘திருத்தங்கல்’ என்பதை ரப்பர் மாதிரி இழுப்பது, கோயில் மைக்கில் பக்தகோடிகளே என்று ஆரம்பித்து அடுத்த வார்த்தை மறந்து நிற்கும் பெரியவர், பட்டாசுக்கடைக்காரர் ஒரே மூச்சில் முப்பது வெடியின் பெயரைச் சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சுவது, பக்கத்து வீட்டு மிக்சி தேங்காயில் சிக்கிக்கொண்டு முனகுவது, எல்லாம் அவள் தொண்டையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அவள் சொந்தக் குரலில் பேசிக் கேட்டவர்கள் குறைவு. அவளுக்கே அது எங்கே இருக்கிறதென்று தேட வேண்டிவரும். காலையில் அப்பா அச்சகத்துக்குக் கிளம்பும்போது அவள் உச்சந்தலையில் வலது கையை வைத்து ஒரு அமுக்கு அமுக்கி, “இன்னைக்கு யாரு?” என்று கேட்பார். அவள் அன்றைய குரலில் போயிட்டு வாங்க என்பாள். அந்த அமுக்கு விழாமல் அவர் ஒருநாளும் வண்டியை எடுத்ததில்லை.

அப்பாவின் பெயர் தவசிலிங்கம். மகள் பெயரையே வைத்து ‘மாசிலா ஆஃப்செட்’ என்று, கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் நாலையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடிக்கிற நாலு கலர் அச்சகம் நடத்துகிறவர். பாதி மாவட்டத்துச் சுவர்களில் தொங்குகிற முருகனுக்கும் லட்சுமிக்கும் உதட்டுச் சிவப்பு உதட்டுக்குள்ளேயே நிற்பதற்கு அவர்தான் காரணம். ஒரு நிறம் இன்னொன்றின் மேல் சரியாக உட்காராமல் முடி அகலம் விலகினாலும், பத்தடி தூரத்தில் இருந்தே “ரெஜிஸ்டர் அவுட்டு, நிறுத்து” என்பார். அவரிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. ரெண்டே பேர் உட்காரலாம், தரையோடு தரையாகப் படுத்திருக்கும். ஊரில் அதைத் தொட்டுப் பார்க்காத ஆள் கிடையாது.

விருதுநகரில் இருக்கும் ஞானகுரு, மாசிலாவின் தாய்மாமன், தானும் ஒன்று வாங்கினார், மஞ்சள் நிறத்தில். வாங்கின கையோடு அதற்குச் சக்கரமும் ரெண்டு செட் சேர்த்துவிட்டார். மாமனும் மச்சானும் பேசி முடிவு செய்தார்கள்: ஞானகுரு ஒரு செட்டைக் கொடுப்பது, சிவப்புக் காரின் பழைய சக்கரங்களை எடுத்துக்கொள்வது, மாற்றி மாட்டியபிறகு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ரெண்டு வண்டியும் ஜோடி போட்டுக் கன்னியாகுமரி போய்த் திரும்புவது. சிவப்புக் காரின் பழைய சக்கரம் பதினெட்டு இன்ச், எட்டு இன்ச் அகலம். புதிது பத்தொன்பது இன்ச், ஒன்பது இன்ச் அகலம். ஐந்து போல்ட் துளையும் ஒன்றுக்கொன்று பொருந்தின. சக்கரம் பெரிதாகிறது என்றால் டயரின் பக்கச்சுவர் குட்டையாக வேண்டும், மொத்த உயரம் மாறக் கூடாது என்பதெல்லாம் தவசிலிங்கத்துக்குத் தெரியும். மிச்சம் இருந்தது ஒரே ஒரு எண்.

அலாய் சக்கரத்தின் முதுகில் ஒரு எண் அடித்திருக்கும். சக்கரத்தின் நடுக்கோட்டுக்கும், அது போல்ட் ஆகி வண்டியோடு ஒட்டுகிற முகத்துக்கும் எத்தனை மில்லிமீட்டர் தூரம் என்று சொல்கிற எண். எண் பெரிதாக இருந்தால் சக்கரம் மட்கார்டுக்குள் அடக்கமாக உட்காரும். சிறிதாக இருந்தால் வெளியே பிதுங்கி, அகட்டிக்கொண்டு நிற்கும். ஞானகுரு வைத்திருந்த ஒரு செட்டில் நாற்பத்தைந்து. இன்னொன்றில் இருபத்திரண்டு. அந்த எண்ணுக்குத் தொழிலில் என்ன பெயர் என்றால், ஆஃப்செட்.

வேறு ஊராக இருந்தால், தெரியாத ஆள் தெரியாது என்று சொல்லியிருப்பான். சிவகாசியில் ஆஃப்செட் தெரியாது என்று எப்படிச் சொல்வது? பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டும்போதே காதில் ஆஃப்செட் மெஷின் சத்தம் விழுகிற ஊர். ஆகவே ஞானகுரு போனில் எந்த ஆஃப்செட் வேணும் என்று கேட்டபோது தவசிலிங்கம் கொஞ்சம் கோபப்பட்டார், ஆஃப்செட்டைப் பற்றி என்னிடமே கேள்வியா என்று. போனை வைத்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். பிறகு முன் அறையில் இருந்த மகளை இன்டர்காமில் கூப்பிட்டு, வீல் கடை சூசைக்குப் போன் போட்டு லைனைக் கொடு என்றார்.

மாசிலா போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சூசை எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்று சொல்வதில் என்ன ருசி இருக்கிறது? அவள் இன்டர்காமைக் கையில் பொத்தி, தொண்டையில் கிடந்த சூசையை எழுப்பி, பீடிக்காரர்களுக்கே உரிய அந்த இருமலை ரெண்டு தரம் இருமினாள்.

“சொல்லுங்க அண்ணாச்சி, சூசைதான்.”

“ஏ சூசை, பத்தொம்பது இன்ச்சுல ரெண்டு செட்டு இருக்கு. நாப்பத்தஞ்சா, இருபத்திரெண்டா?”

சூசை ‘ரெ’ என்ற எழுத்தை ஒரு உருட்டு உருட்டித்தான் வெளியே விடுவார், கோலிக்குண்டைத் தகரத்தில் விட்டதுபோல. அந்த உருட்டு மாசிலாவுக்கு ரொம்பப் பிடிக்கும். நாற்பத்தைந்தில் ‘ரெ’ கிடையாது. அவ்வளவுதான் காரணம், வேறு ஒரு காரணமும் இல்லை.

“இருபத்திர்ர்ரெண்டு போடுங்க அண்ணாச்சி. வண்டி அகட்டி நிக்கும், பாத்துக்கிடுங்க.”

சாயங்காலம் அப்பா சூசை கடைக்குப் போவார், சூசை முழிப்பார், நான் எப்ப அண்ணாச்சி சொன்னேன் என்பார், ஊரே சிரிக்கும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் தவசிலிங்கத்துக்குச் சாயங்காலம் வரை பொறுக்கவில்லை. மதியமே ஞானகுருவின் டெம்போ வந்தது. அச்சக முற்றத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, தலைமை மெஷின்மேன் குருவையாவை வைத்தே நாலையும் மாட்டினார். கள்ளன் கழற்றிவிடாமல் இருக்கச் சக்கரத்துக்கு ஒரு பூட்டு நட்டு உண்டு, அதன் சாவியைத் தன் கொத்தில் கோத்துக்கொண்டார். நாலடி தள்ளி நின்று பார்த்தார். சக்கரங்கள் மட்கார்டைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றன. அச்சடிக்கும் முன்பு முதல் தாளைப் பார்த்துவிட்டுச் சொல்கிற அதே வார்த்தையைச் சொன்னார்.

“ஓகே. ஓட்டு.”

இந்த ரெண்டு வார்த்தையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சிவகாசியில் முதலாளி முதல் தாளைப் பார்த்து ஓகே, ஓட்டு என்று சொல்லிவிட்டால் அதன்பிறகு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பிள்ளையாருக்கு ரெண்டு தும்பிக்கை வந்தாலும், தீபாவளி தேதி மாறி விழுந்தாலும், மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சொன்னவரே அச்சாகி விழுகிற தாள்கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, லென்ஸ் வைத்துப் பார்த்து, அவர் வாயாலேயே நிறுத்து என்று சொன்னால்தான் நிற்கும்.

அன்று புதன்கிழமை. தவசிலிங்கம் திருத்தங்கல் வரைக்கும் ஒரு சுற்றுப் போய்விட்டு மூன்றரை மணிக்குத் திரும்பி வந்தார். கதவைத் திறந்து இறங்கினார். இறங்கினவர் ரெஜிஸ்டர் தப்பி இருந்தார்.

முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் தொழில் தெரிந்தவர்கள் என்பதால் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கறுப்பு நிற்க வேண்டிய இடத்தில் நின்றது: மீசை, புருவம், கண்மணி, சட்டை மடிப்பின் கோடுகள். மற்ற மூன்று நிறமும் அவருடைய வலது பக்கமாக நகர்ந்து நின்றன. தோலின் மாநிறம், நெற்றிக் குங்குமம், சட்டையின் நீலம், வெற்றிலைச் சிவப்பு எல்லாம் கோட்டை விட்டு வெளியே வந்து காற்றில் நின்றன. இடது ஓரத்தில் உச்சி முதல் உள்ளங்கால் வரை, நிறம் விட்டுப்போன இடத்தில், ஒரு வெள்ளைப் பட்டை. எதுவும் அச்சாகாத வெள்ளை. குருவையா சட்டைப்பையில் இருந்த ஸ்டீல் ஸ்கேலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளந்தான். இருபத்து மூன்று மில்லி. நாற்பத்தைந்தில் இருபத்திரண்டைக் கழித்தால் வருகிற அதே இருபத்து மூன்று.

“வண்டி எப்படி முதலாளி?” என்று கேட்டான்.

“தேரு மாதிரி போகுதுடா,” என்றார் தவசிலிங்கம். குரல் அவர் வாயிலிருந்து வரவில்லை, வாய்க்குப் பக்கத்திலிருந்து வந்தது.

அடுத்த நாளிலிருந்து ஊர் அவரோடு பழகக் கற்றுக்கொண்டது. சிக்கல் என்னவென்றால், அவர் தன்னைக் கறுப்பு நிற்கிற இடத்தில் இருப்பதாக நினைத்தார், ஆனால் தொடுவதும் தின்பதும் கனப்பதும் நிறம் நிற்கிற இடத்தில் நடந்தது. டீக்கடையில் அவர் கிளாஸை நோக்கிக் கை நீட்டினால் கறுப்புக் கை கிளாஸைப் பிடிக்கும், நிறக்கை பக்கத்தில் காற்றைப் பிடிக்கும். டீ மாஸ்டர் ரெண்டு நாள் பார்த்தார், மூன்றாம் நாள் அவர் கை நீளும்போதே கிளாஸை ஒரு தள்ளுத் தள்ளி நிறக்கைக்குள் வைத்துவிடப் பழகிக்கொண்டார், கேரம்போர்டில் காயை விடுகிற லாவகத்தோடு. முடிதிருத்துகிறவர் நிறத்துக்குச் சவரம் செய்து முடித்துவிட்டு, மரியாதைக்குக் கறுப்புக்கும் வெறும் கத்தியால் நாலு இழுப்பு இழுத்தார். கூட்டத்தில் அவருக்கு மாலை போடுகிறவர்கள் பெரிய மாலையாகக் கட்டச் சொன்னார்கள், ரெண்டுக்கும் சேர்த்து விழட்டும் என்று. தாள் மடிக்கிற பெண்கள், முதலாளி இன்னும் திருத்தாத புரூஃபில்தான் இருக்கார் என்று பேசிக்கொண்டார்கள். வீட்டில் மாசிலாவின் அம்மா பவளம் ரெண்டு தட்டு வைத்தாள், அவர் பார்ப்பதற்கு ஒன்று, சாப்பிடுவதற்கு ஒன்று. ஏன் என்று அவர் கேட்டதற்கு, விருந்தாளி வந்தாலும் வருவாங்க என்றாள்.

யாரும் சொல்லவில்லை. ஓகே, ஓட்டு என்றாகிவிட்டது. அதோடு, முடி அகலம் விடாத மனிதரிடம் போய், நீங்களே அவுட்டு என்று எந்த வாய் சொல்லும்? கண்ணாடியிலும் அவருக்குத் தெரியவில்லை, விலகின கண்ணால் விலகின ஆளைப் பார்த்தால் நேராகத்தான் தெரியும். கைக்கு எதுவும் சரியாகச் சிக்காததற்கு அவரே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஊர் முழுக்கக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறதாம். வண்டி அகட்டி நிற்கிறது இல்லையா, அந்த மரியாதையாம்.

சிரிக்கலாம் போலத்தான் இருந்தது. மாசிலாவும் முதல் ராத்திரி போர்வைக்குள் சிரித்தாள். வியாழக்கிழமை காலையில் அப்பா கிளம்பும்போது வழக்கம்போல அவள் தலையில் கை வைத்தார். கறுப்புக் கை உச்சந்தலையில் இறங்கியது, கனம் இல்லை, ஈர மையின் வாடையும் ஒரு குளிரும் மட்டும் இருந்தது. நிறக்கை அவளுடைய இடது காதுக்கு மேலே காற்றை ஒரு அமுக்கு அமுக்கியது.

“இன்னைக்கு யாரு?”

அவள் மினிபஸ் கண்டக்டரை எடுத்தாள். திருத்தங்கலை இழுக்க முடியவில்லை, பாதியில் அறுந்துவிட்டது.

அன்று முதல் அவள் அப்பாவைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். தெருநாய்கள் நிறத்தோடு வாலை ஆட்டிக்கொண்டு நடந்தன, கறுப்பைப் பார்த்து உறுமின. வெயிலில் கறுப்புக்கு நிழல் விழுந்தது, நிறத்துக்கு விழவில்லை. மதியம் அவர் ஈசி சேரில் தூங்கும்போது கறுப்பின் கண் மூடியிருந்தது, ஆனால் குறட்டை பக்கத்தில் யாரும் இல்லாத இடத்திலிருந்து வந்தது. ஒருநாள் அவள் பக்கத்தில் குனிந்து அந்த வெள்ளைப் பட்டைக்குள் ஒரு விரலை விட்டாள். ஒன்றும் இல்லை. சூடு இல்லை, குளிர் இல்லை. விரலைச் சொடுக்கினாள், சத்தம் வரவில்லை. வாயைக் கிட்டே கொண்டுபோய், சூசையின் இருமலை இருமினாள். இருமல் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தது. வந்தது சூசையின் இருமல் இல்லை, யாரோ ஒரு பெண்பிள்ளை பயந்துபோய் இருமுகிற மாதிரி இருந்தது. அவள் விரலை உருவிக்கொண்டு சமையலறைக்கு ஓடிவிட்டாள்.

சிரிப்பு இன்னும் வரவில்லை. வருவதற்குப் பதிலாகத் திங்கட்கிழமை குருவையா வந்தான்.

குருவையா தினமும் மாலையில் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டிருந்தவன். அவளை மெஷினுக்குப் பின்னால் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கணக்குச் சொன்னான். முதலாளி தினமும் வீடு, அச்சகம், திருத்தங்கல் என்று பத்துக் கிலோமீட்டர் ஓட்டுகிறார். பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு மில்லி கூடுகிறது. புதன் இருபத்து மூன்று, வியாழன் இருபத்து நாலு, இன்று இருபத்தெட்டு. வெள்ளிக்கிழமை கன்னியாகுமரி போய் வர முன்னூற்று நாற்பது கிலோமீட்டர். ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்தால் அவர் கறுப்புத் தோளுக்கும் வலது கதவுக்கும் நடுவில் இருப்பது அறுபதே மில்லி.

“கதவுதான் பாப்பா கட்டிங் லைன்,” என்றான். “கறுப்பு உள்ள உக்காந்திருக்கும். கலரு கயத்தாறு தாண்டித் திரும்பி வர்றப்ப கதவுக்கு வெளிய போயிரும். கட்டிங் லைனுக்கு வெளிய போறதை நாம என்ன செய்வோம்?”

அவளுக்குத் தெரியும். கட்டிங் மெஷினுக்குக் கீழே குவிந்து கிடக்கிற சிவப்பும் நீலமுமான தாள்நாடாக்களைப் பெருக்கிச் சாக்கில் கட்டுவார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு யார் வருவார் என்று நினைத்துப் பார்த்தாள். மீசையும் புருவமும் சட்டை மடிப்பும் வரும். சாப்பிடுகிற கையும் கனக்கிற கையும் நாலுவழிச்சாலையில் எங்கேயோ கிடக்கும். வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். வலதுபக்கக் கண்ணாடியில் தோள் உயரத்துக்கு நீலமும் மாநிறமும் லேசாகத் தீற்றி இருந்தது, காயாத மைபோல.

செவ்வாய்க்கிழமை காலை அவர் அவள் தலைக்கு மேலே கை நீட்டினார். இன்னைக்கு யாரு என்று அவர் கேட்பதற்கு முன்பே அவள் பேசினாள். தொண்டையில் வரிசையாக உட்கார்ந்திருந்த எல்லோரையும் விலக்கிவிட்டு, அடியில் எங்கேயோ மடங்கிக் கிடந்ததை எடுத்துப் பேசினாள்.

“அப்பா, அன்னைக்குப் போன்ல இருபத்திரெண்டுன்னு சொன்னது சூசை மாமா இல்லப்பா. நான்தான்.”

தவசிலிங்கம் தலையைச் சாய்த்துக் கேட்டார். புருவம் சுருங்கியது. பாட்டு எந்த ராகம் என்று பிடிக்கப் பார்க்கிறவர் மாதிரி யோசித்தார்.

“இது யாரு? பிடிபடலையே,” என்றார். “குரல் சரியா வரல தாயி. இன்னும் பழகணும்.”

காற்றை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுப் போய்விட்டார். மாசிலா வாசலில் நின்றாள். ஊரில் அத்தனை பேர் குரலையும் முதல் எழுத்திலேயே கண்டுபிடிக்கிற மனிதர். அவர் கேட்காத ஒரே குரல் வீட்டில் இருந்திருக்கிறது.

வாயால் இனி நடக்காது என்று அவளுக்குப் புரிந்தது. அவர் நம்புகிற பொருள் உலகத்தில் ஒன்றுதான் உண்டு, அச்சான தாள். ஒவ்வொரு வருடமும் காலண்டரின் கடைசித் தாளில் குடும்பப் படம் போட்டு வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவது வழக்கம். இந்த வருடம் சிவப்பு வண்டியோடு எடுக்க வேண்டும் என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். புதன்கிழமை காலையில் அவள் கல்யாண போட்டோகிராபரின் கொஞ்சுகிற குரலைப் போட்டுக்கொண்டு, கன்னியாகுமரி போனா வண்டி அழுக்காயிரும் சார், இன்னைக்கே எடுத்துரலாம் சார், லேசா முகத்தைத் திருப்புங்க சார் என்று அவரை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அவள், நடுவில் அவரும் அவருக்குப் பக்கத்தில் அவரும். அவர் புன்னகை செய்தார். அது இந்தக் கதையில் வருவதாகச் சொன்ன சிரிப்பு இல்லை.

குருவையா படத்தில் ஒரு புள்ளியைக்கூடத் திருத்தாமல் அச்சுக்குப் பிளேட் எடுத்தான். வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு நாலு கலர் மெஷின் ஓட ஆரம்பித்தது. மாசிலா தாள் விழுகிற முனையில் நின்றாள். அப்பாவின் இடது ஓரத்து வெள்ளை அப்போது முப்பத்தொரு மில்லி. விடிந்தால் வெள்ளி.

முதல் தாள் வந்தது. தவசிலிங்கம் எடுத்துச் சாய்வு மேசையில் விரித்து, விளக்கைப் போட்டார். கழுத்தில் கயிற்றில் தொங்கிய லென்ஸை எடுப்பதற்கு முன்பே முகம் மாறிவிட்டது.

“ஏலே குருவையா, கண்ணு அவிஞ்சு போச்சா? என் மூஞ்சியப் பாரு. கறுப்பு ஒரு பக்கம் கலர் ஒரு பக்கம். ரெண்டு மில்லி அவுட்டு.”

படம் சிறியது, ஆகவே அதில் ரெண்டு மில்லிதான் வந்திருந்தது. குருவையா கையைக் கட்டிக்கொண்டு, எப்படி முதலாளி திருத்தட்டும் என்று கேட்டான். மூணு கலரையும் ரெண்டு மில்லி இழுடா, என் மூஞ்சி நேராகிற பக்கமா இழு, இதைக்கூடவா நான் சொல்லணும் என்று கத்திவிட்டு, தானே மெஷினுக்குப் போய் நீலத்தையும் சிவப்பையும் மஞ்சளையும் ஒவ்வொன்றாகத் திருகி நகர்த்தினார். முதல் திருகலில் உதடு உதட்டுக்குள் வந்தது. அடுத்ததில் குங்குமம் நெற்றிக்கு வந்தது. எட்டாவது தாளில் தவசிலிங்கம் என்கிற மனிதர், கறுப்போடு கலர் பொருந்தி, எங்கேயும் பிசிறில்லாமல் தாளின் நடுவில் நின்றார்.

“இது மூஞ்சி,” என்றார். “ஓகே, ஓ—”

‘ட்டு’ வரவில்லை.

அவர் கண் படத்தில் அவர் முகத்தைத் தாண்டிப் பக்கத்தில் போயிருந்தது. பவளத்தின் முகம் கறுப்புக் கோட்டை விட்டு வெளியே தள்ளி நின்றது. மாசிலாவின் ரிப்பன் அவள் தலையில் இல்லை, தலைக்குப் பக்கத்தில் இருந்தது. சிவப்பு வண்டியின் சிவப்பு வண்டியை விட்டு வழிந்திருந்தது. பின்சுவரில் இருந்த பிள்ளையாருக்கு ரெண்டு தும்பிக்கை. படத்தில் அவர் ஒருவரைத் தவிர, உலகத்தில் ஒன்றுகூட ரெஜிஸ்டரில் இல்லை.

அவர் முதல் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் எல்லாரும் நேராக இருந்தார்கள், அவர் மட்டும் அவுட்டு. திரும்ப எட்டாவது தாள். திரும்ப முதல் தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தாள் மடிக்கிற பெண்கள் எழுந்து வந்து தூரத்தில் நின்றார்கள்.

“முதலாளி,” என்றான் குருவையா, தரையைப் பார்த்துக்கொண்டு. “ப்ளஸ் மார்க்கைப் பாருங்க.”

அச்சுத் தாளின் நாலு மூலையிலும் கூட்டல் குறி இருக்கும். நாலு நிறக் குறியும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து ஒரே குறியாகத் தெரிந்தால் தாள் சரி. அதற்கு முதலாளி, தொழிலாளி, வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. தவசிலிங்கம் முதல் தாளின் மூலையில் லென்ஸை வைத்துக் குனிந்தார். ஒரே ஒரு குறி, முடிபோல. எட்டாவது தாளின் மூலையில் வைத்தார். ரெண்டு குறி, தள்ளித் தள்ளி.

நிமிரவில்லை. மற்ற மூலைகளிலும் வைத்துப் பார்த்தார். பிறகு லென்ஸைத் தாளை விட்டு எடுத்து, மெதுவாக, தன்னுடைய இடது மணிக்கட்டின் மேல் வைத்தார். லென்ஸ் முதலில் தவறான இடத்தில் போய் நின்றது. அதை இழுத்து இழுத்து, வெள்ளையின் விளிம்புக்குக் கொண்டுவந்தார். கண்ணை அதில் வைத்தார். லென்ஸுக்குச் சொந்தக் கண் கிடையாது, ஆகவே அது இருப்பதைக் காட்டியது.

“நிறுத்து,” என்றார்.

மெஷின் நின்றது. அந்த அச்சகத்தில் பகலில் அப்படி ஒரு அமைதியை யாரும் கேட்டதில்லை. தூரத்தில் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம் கேட்டது.

“அன்னைக்கு வீலுக்கு நம்பர் சொன்ன சூசை எங்க?”

“வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருக்காரு முதலாளி,” என்றான் குருவையா. “போன வாரம் புதன்கிழமை விடியக்கால கிளம்புனாரு. நேர்ச்சைன்னு போனைக்கூட வீட்டுல வச்சுட்டுத்தான் போனாரு.”

தவசிலிங்கம் திரும்பினார். கறுப்பும் திரும்பியது, முப்பத்தொரு மில்லி தள்ளி நிறமும் திரும்பியது. ரெண்டும் மகளைப் பார்த்தன.

“அப்ப அன்னைக்கு இருமுனது?”

அவளுக்குத் தொண்டை வரைக்கும் நாற்பது பேர் வந்து முட்டிக்கொண்டு நின்றார்கள். கண்டக்டர், மைக்செட் பெரியவர், போட்டோகிராபர், மிக்சி. யாரை வெளியே விட்டாலும் அப்பாவுக்கு உடனே தெரிந்துவிடும். அவள் ஒருவரையும் விடவில்லை.

“நான்தான்ப்பா.”

அவர் செவ்வாய்க்கிழமை சாய்த்த மாதிரியே தலையைச் சாய்த்தார். ஆனால் இந்தமுறை கண்ணை மூடிக்கொண்டார்.

“இது யாரு?”

“யாரும் இல்லப்பா. இது நான்.”

தவசிலிங்கம் வலது கையை உயர்த்தினார். அவள் தலைக்கு நேராக வந்த கை பாதியில் நின்றது. பிளேட்டை நகர்த்துகிறவர்போல உதட்டைக் கடித்து, தன் இடது பக்கமாக, கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஒன்றுமே இல்லாத இடத்தைக் குறிபார்த்து நகர்த்தி இறக்கினார். கறுப்புக் கை அவளுடைய வலது காதுக்கு மேலே காற்றில் நின்றது. நிறக்கை, எட்டு நாளுக்குப் பிறகு, வெதுவெதுப்பாக, கனமாக, அவள் உச்சந்தலையில் உட்கார்ந்து ஒரு அமுக்கு அமுக்கியது. இடுப்புச் சாவிக்கொத்தில் பூட்டு நட்டின் சாவி கிணுங்கியது.

“நாப்பத்தஞ்சு போட்டிருக்கணும். அப்படித்தான?”

“ஆமாப்பா.”

“இருபத்திர்ர்ரெண்டு,” என்று அவர் ஒரு தரம் உருட்டிப் பார்த்தார். அவருக்குச் சரியாக வரவில்லை. இன்னொரு தரம் உருட்டிப் பார்த்தார். உருட்டும்போதே வயிறு குலுங்கியது, தோள் குலுங்கியது, கறுப்பு மீசை சத்தமில்லாமல் அகலமாக விரிந்தது, அதற்கு முப்பத்தொரு மில்லி பக்கத்தில், யாரும் இல்லாத இடத்திலிருந்து, அந்தச் சிரிப்பு வந்தது.